ஒப்புதல் படிவத்தின் தமிழ்: தொழில்நுட்ப எழுத்துக் கல்விக்குப் புதுச்சேரி தரும் ஒரு களம்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்த் துறைகளில் தொழில்நுட்ப எழுத்து பெரும்பாலும் கலைச்சொல்லாக்கம், மொழிபெயர்ப்பு, அலுவலகக் கடிதம் ஆகிய எல்லைகளுக்குள் நின்றே கற்பிக்கப்படுகிறது. படிப்பவர் ஒரு முடிவெடுப்பதற்கு உதவும் எழுத்து தனிப் பயிற்சியாக அமைவது குறைவு. மருத்துவ ஆய்வில் பங்கேற்பவர் கையொப்பமிடும் ஒப்புதல் படிவத்தின் தமிழைச் சான்றாகக் கொண்டு இக்குறையை இக்கட்டுரை விளக்குகிறது. நன்னூல் பொதுப்பாயிரம் வகுத்த குற்றங்களும் அழகுகளும் இவ்வகை எழுத்தைக் கற்பிக்கவும் மதிப்பிடவும் ஏற்ற அளவுகோலாகும் என்பதை நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: தொழில்நுட்ப எழுத்து, ஒப்புதல் படிவம், கலைச்சொல், நன்னூல், புதுச்சேரி.

முன்னுரை

1965ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் ஆட்சிமொழியாகத் தமிழை ஏற்றது. மாகேயில் மலையாளத்திற்கும் ஏனாமில் தெலுங்கிற்கும் அது இடமளித்தது; ஆங்கிலமும் தொடர்ந்தது. சட்டத்தால் ஒரு மொழிக்கு இடம் கிடைத்துவிட்டாலும், அம்மொழியில் ஆவணம் எழுதும் திறன் தானாக வந்துவிடுவதில்லை. அத்திறன் கற்பிக்கப்பட வேண்டும்.

அதனைக் கற்பிப்பதற்குரிய சூழல் புதுச்சேரியில் இயல்பாகவே அமைந்துள்ளது. நகரின் வடக்கே காலாப்பட்டில், 1985இல் நிறுவப்பெற்ற புதுவைப் பல்கலைக்கழகத்தின் சுப்பிரமணிய பாரதியார் தமிழியற்புலம் உள்ளது. கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை இயங்குகிறது. பிரெஞ்சு ஆட்சியில் 1823இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த இந்நிறுவனம், 1964இல் இன்றைய பெயரைப் பெற்றது. 2008இல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. புதுச்சேரியிலிருந்தும் அண்டைத் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்தும் வரும் நோயாளர் பலருக்குத் தமிழே ஒரே மொழி. மருத்துவ ஆய்வும் தமிழ்க் கல்வியும் ஒரே ஊரில் நடைபெறும்போது, ஒன்றின் தேவையை மற்றொன்று பாடமாக்கிக்கொள்ள வாய்ப்புண்டு.

ஒப்புதல் படிவம் என்னும் ஆவணம்

மனிதரை ஆய்வுக்கு உட்படுத்துமுன் அவரது தன்னிச்சையான ஒப்புதலைப் பெற வேண்டும் என்ற நெறியை 1947ஆம் ஆண்டின் நியூரம்பர்க் நெறித்தொகுப்பு முன்வைத்தது. 1964இல் ஹெல்சிங்கி அறிக்கை அதனை விரித்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளும், 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகளும், பங்கேற்பாளர் தமக்கு விளங்கும் மொழியில் செய்தியைப் பெற வேண்டும் என்கின்றன. எழுதப் படிக்க அறியாதவரிடம் ஒப்புதல் பெறும்போது நடுநிலைச் சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும்.

இவ்வாவணம் இரு பகுதிகளைக் கொண்டது. ஆய்வின் நோக்கம், செய்முறை, இடர், பயன், விலகும் உரிமை ஆகியவற்றைத் தகவல் தாள் கூறும். அவற்றை அறிந்து உடன்படுவதைக் கையொப்பமோ கைநாட்டோ உறுதிசெய்யும். தகவல் தாள் விளங்காத நிலையில் இடப்படும் கையொப்பம் வெறும் அடையாளமே. ஒப்புதல் என்ற சொல்லின் பொருள் அங்கே நிறைவேறுவதில்லை. ஆகவே இங்கு நடையின் தெளிவு உரிமை பற்றிய சிக்கலாகிறது.

கலைச்சொல் மட்டும் போதாமை

தமிழில் மருத்துவம் எழுதும் முயற்சி புதியதன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். ‘இரண வைத்தியம்’, ‘கெமிஸ்தம்’ முதலிய நூல்கள் அவரது முயற்சியில் வெளிவந்தன. எனினும் பாடநூலுக்கும் ஒப்புதல் படிவத்திற்கும் அடிப்படை வேறுபாடு உண்டு. மாணவர் ஒரு கலைச்சொல்லைப் பாடந்தோறும் மீண்டும் மீண்டும் சந்தித்துப் பழகிக்கொள்கிறார். நோயாளரோ அச்சொல்லை ஒரே ஒருமுறை, அதுவும் கவலையுற்ற வேளையில் சந்திக்கிறார்.

‘மருந்துப்போலி’ என்ற சொல் இதற்குத் தக்க சான்று. ஆய்வில் ஒப்பீட்டுக்காகக் கொடுக்கப்படும், மருந்துப் பொருள் இல்லாத மாத்திரையை அது குறிக்கிறது. முதற்போலி, இடைப்போலி என இலக்கணம் பயின்றவருக்குப் ‘போலி’ என்பது ஒன்றன் இடத்தில் நிற்பது. பொதுமக்கள் வழக்கிலோ ‘போலி மருந்து’ என்பது கள்ளச்சரக்கு. சொல்லாக்கத்தில் குறையற்ற ஒரு சொல், படிப்பவரிடம் அச்சத்தையோ தவறான பொருளையோ விளைவிக்கலாம்.

மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க மறுமொழிபெயர்ப்பு முறை கையாளப்படுகிறது. தமிழ் வடிவத்தை வேறொருவர் மீண்டும் ஆங்கிலத்தில் பெயர்த்து, மூலத்தோடு ஒப்பிடுவதே அம்முறை. ‘மருந்துப்போலி’ இச்சோதனையில் எளிதில் தேறிவிடும், ஏனெனில் பெயர்ப்பவர் இருவரும் அச்சொல்லை அறிந்தவர்கள். மூலத்தோடு பொருந்துவதை இம்முறை காட்டும். நோயாளருக்கு விளங்கியதா என்பதைக் காட்டாது.

நன்னூல் தரும் அளவுகோல்

விளக்கத்தை அளக்கும் கருவியைத் தமிழ் மாணவர் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. நன்னூல் பொதுப்பாயிரம் நூலுக்குரிய பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் வகுத்துள்ளது. அவற்றுள் குன்றக் கூறல், மிகைபடக் கூறல், மயங்க வைத்தல் ஆகிய மூன்று குற்றங்களும் ஒப்புதல் படிவத்திற்கு நேரடியாகப் பொருந்துவன.

விளக்கத்திற்காக இங்கு அமைக்கப்பட்ட பின்வரும் தொடரைக் காணலாம்: “இவ்வாய்வில் பங்கேற்பதினின்று எந்நிலையிலும் எவ்விதக் காரணமும் குறிப்பிடாது விலகிக்கொள்வதற்கான உரிமை பங்கேற்பாளருக்கு வழங்கப்பட்டுள்ளது.” இலக்கணப் பிழை இதில் இல்லை. ஆயினும் ‘பங்கேற்பாளர்’ என்பது தம்மையே குறிக்கிறது என்பதைப் படிப்பவர் உய்த்துணர வேண்டும். செயப்பாட்டுவினை உரிமையை யார் வழங்கினார் என்பதை மறைக்கிறது. விலகியபின் சிகிச்சை தொடருமா என்ற, நோயாளரின் முதன்மையான ஐயத்திற்கு விடையும் இல்லை. முன்னிரண்டும் மயங்க வைத்தல். இறுதியது குன்றக் கூறல்.

அதனையே இவ்வாறு எழுதலாம்: “நீங்கள் எப்போது வேண்டுமானாலும் இந்த ஆய்விலிருந்து விலகலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. விலகினாலும் இங்கு உங்களுக்குரிய சிகிச்சை தொடரும்.” முன்னிலை விளிப்பு, செய்வினை, ஒரு தொடருக்கு ஒரு செய்தி என்ற மாற்றங்கள் இங்கு நிகழ்ந்துள்ளன.

மருந்துப்போலிக்கும் இதே வழி பொருந்தும்: “இது பார்வைக்கு மருந்து மாத்திரையைப் போலவே இருக்கும். ஆனால் இதில் மருந்து இருக்காது.” இரு பிரிவினருள் ஒருவர் எதில் சேர்வார் என்பதைச் ‘சமவாய்ப்பு முறை’ என்று மட்டும் கூறாமல், சீட்டுக் குலுக்கி எடுப்பதோடு ஒப்பிடலாம். 5 மி.லி. இரத்தம் என்பதோடு, ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி எனச் சேர்க்கலாம். இச்சேர்க்கைகள் மிகைபடக் கூறல் ஆகா. விளங்க வைத்தல் என்னும் அழகின்பாற்பட்டவை. எது மிகை, எது விளக்கம் என்பதைப் படிப்பவரின் தேவையே தீர்மானிக்கிறது.

படிவத்தைப் பலர் காதால் கேட்டே அறிகின்றனர் என்பதும் கருதத்தக்கது. எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் இடையிலான தொலைவு கேட்கும்போது மிகுதியாகப் புலப்படும். எச்சங்கள் அடுக்கிய நெடுந்தொடரில் வினைமுற்று வருவதற்குள் கேட்பவர் தொடக்கத்தை மறந்துவிடக்கூடும்.

கற்பித்தல் முறை

இவ்வெழுத்தை முதுகலைப் பாடத்தில் ஒரு பருவப் பயிற்சியாக அமைக்கலாம். முதலில், படிப்பவர் யார், படித்தபின் அவர் எதனைத் தீர்மானிக்க வேண்டும் என்பதை மாணவர் வரையறுப்பர். அடுத்து வரைவை எழுதி, நன்னூற் குற்றங்களைக் கொண்டு ஒருவர் வரைவை மற்றவர் ஆராய்வர். பின்னர் மருத்துவப் பயிற்சி இல்லாத ஒருவருக்கு அதனை வாசித்துக் காட்டி, கேட்டதை அவரது சொற்களில் திருப்பிக் கூறச் செய்வர். அவர் தடுமாறும் இடமே திருத்தத்திற்குரிய இடம். இறுதியில், எளிமைப்படுத்தும்போது மருத்துவச் செய்தி பிறழவில்லை என்பதை அத்துறையினர் உறுதிசெய்வர். மதிப்பெண் முதல் வரைவுக்கு அன்றித் திருத்தத்திற்கு உரியதாக வேண்டும்.

இப்பயிற்சிக்கு வகுப்பறைக்கு வெளியேயும் இடமுண்டு. 2019ஆம் ஆண்டு விதிகளின்படி மருத்துவச் சோதனைகளுக்கான அறநெறிக் குழுவில் குறைந்தது 7 உறுப்பினர் இருக்க வேண்டும். அவர்களுள் ஒருவர் மருத்துவத் துறை சாராத பொதுநிலை உறுப்பினர். பங்கேற்பாளரின் பக்கம் நின்று படிவத்தைப் படிக்க வேண்டிய அவ்விடத்திற்குத் தமிழ் எழுத்தில் பயிற்சி பெற்றவர் பொருத்தமானவர்.

முடிவுரை

கலைச்சொல்லாக்கம் தமிழை அறிவியலுக்கு ஆயத்தப்படுத்தியது. அச்சொற்களைப் பயன்படுத்தி ஒருவர் தம் உடலைப் பற்றிய முடிவைத் தாமே எடுக்குமாறு எழுதுவது அடுத்த பணி. மறுமொழிபெயர்ப்பு அளக்காத தெளிவை அளக்க நன்னூலின் அளவுகோலும், கேட்டவரைத் திருப்பிக் கூறச் செய்யும் சோதனையும் உதவும். பாயிரத்தைத் தேர்வுக்காக மட்டும் மனனம் செய்யும் மாணவர், அதனைக் கொண்டு ஒரு தகவல் தாளைத் திருத்தப் பழகுவாராயின், தமிழ்க் கல்வியின் பயன் மருத்துவமனை வரை சென்று சேரும். அதற்கு வேண்டிய இரு நிறுவனங்களும் புதுச்சேரியில் அருகருகே உள்ளன.