தாரை வெட்டியாச்சு... மரத்தை என்ன செய்ய? வாழைநாரில் சட்டை வருமா?

வாழை ஒரு முறைதான் தார் போடும். தாரை வெட்டியதும் அந்த மரத்தின் கதை முடிந்தது. பக்கத்தில் முளைக்கும் கன்றுதான் அடுத்த போகத்துக்கு. உள்ளே இருக்கும் தண்டு கொஞ்சம் பொரியலுக்குப் போகும். மட்டைகள் வரப்பில் கிடந்து அழுகும். அதை அப்புறப்படுத்த விவசாயி கைக்காசு போட்டுக் கூலி கொடுக்க வேண்டும்.

அந்த மட்டைக்குள்தான் நார் இருக்கிறது. மதுரைக்காரர்களுக்கு இது ஒன்றும் புதுசு இல்லை. மல்லிகையைத் தொடுப்பதே வாழைநாரில்தானே!

மதுரை மாவட்டம் மேலக்காலைச் சேர்ந்த முருகேசனுக்கும் பொறி தட்டியது அங்கேதான். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அவர், பூக்கட்டும் நாரைப் பார்த்து 2008-ல் வாழைநார்க் கயிறு திரிக்க இறங்கினார். கையால் திரித்தால் கட்டுப்படியாகவில்லை. தேங்காய் நார் மெஷினில் போட்டுப் பார்த்தார், சரிவரவில்லை. கடைசியில் சைக்கிள் ரிம்மையும் கப்பியையும் வைத்து தானே ஒரு மெஷின் செய்துவிட்டார். அந்தக் கயிற்றில் இப்போது கூடை, பை, பாய் எல்லாம் பின்னுகிறார்கள். 2021 பிப்ரவரி 'மனதின் குரல்' நிகழ்ச்சியில் பிரதமர் மோடியும் இவரைக் குறிப்பிட்டுப் பேசினார்.

சரி, கூடை ஓகே. சட்டை?

இங்கேதான் சிக்கல். வாழைநாரில் லிக்னின் என்ற பொருள் இருக்கிறது. மரக்கட்டைக்கு விறைப்பு கொடுக்கும் அதே சங்கதி. கூடவே பசைத்தன்மையும் உண்டு. இரண்டையும் குறைத்தால்தான் நார் மெதுவாகும். அதற்கு நொதிகளோ ரசாயனமோ வேண்டும். இன்னொன்று, நம்மூர் நூற்பாலை மெஷின்கள் குட்டையான பஞ்சு இழைக்காக அமைந்தவை. நீளமான வாழைநார் அதில் அப்படியே ஓடாது. அதனால் பருத்தியோடு கலப்பார்கள், அல்லது தறியில் ஊடையாக மட்டும் கொடுப்பார்கள்.

சென்னை அனகாபுத்தூரில் நடப்பது அதுதான். ஒரு காலத்தில் அங்கே நெய்த 'ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்' துணி நைஜீரியாவுக்குக் கப்பலேறியது. அந்த ஏற்றுமதி நின்றதும் தறிகள் முடங்கின. மிஞ்சிய நெசவாளர்கள் கையில் எடுத்தது வாழைநார்ப் புடவை. நாரை இழை இழையாகப் பிரித்து முடிச்சுப் போட்டு நீட்டி நெய்கிறார்கள். நேரம் எடுக்கும், விலையும் அதற்கேற்ப ஏறும். ஜப்பானின் ஒகினாவா தீவில் வாழைநாரில் நெய்யும் 'பாஷோஃபு' துணிக்கும் இதே கதைதான். அழகு உண்டு, எல்லோருக்கும் கட்டுப்படியாகாது.

பெரிய தடை வேறு இடத்தில் இருக்கிறது. மட்டையின் எடையில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். லாரியில் ஏற்றினால் தண்ணீருக்குத்தான் வாடகை கொடுக்கிறோம். நார் உரிக்கும் மெஷின் தோட்டத்துக்கே வர வேண்டும். உருளையும் பிளேடும் வைத்த அந்த மெஷின், மட்டையைக் கொடுத்தால் சதையைச் சுரண்டிவிட்டு நாரைத் தரும். அதை அலசிக் காயவைக்க வேண்டும். சதை மண்புழு உரத்துக்குப் போகும். திருச்சியில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இதற்கெல்லாம் பயிற்சி தருகிறது.

வாழைக்கறை பட்ட சட்டை வெளுக்கவே வெளுக்காது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதே மரத்திலிருந்து சட்டை வர வேண்டுமானால், நார் உரிக்கும் செலவை யார் ஏற்பது என்பதை முதலில் பேசியாக வேண்டும். இப்போதைக்கு மட்டையை அள்ளும் கூலி விவசாயி தலையில்தான்.