முனகும் சோபாக் கட்டில்

பனிச்சங்கேணியில் குடியிருப்போர் எவரும் இரும்பை எளிதில் நம்பமாட்டார்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. இரண்டின் உப்பும் காற்றோடு கலந்து வீட்டுக்குள் வந்து, பூட்டு முதல் தையல் இயந்திரம் வரை எதையும் கறளாக்காமல் விடுவதில்லை. எமது மூத்த சகோதரியார் இங்கேதான் வாழ்கின்றார். அவர் வீட்டுக் கூடத்திலுள்ள சோபாக் கட்டில் இருந்தாலும் முனகும், எழுந்தாலும் முனகும். நடுவில் ஒரு பள்ளம். அப்பள்ளத்தில் இருப்பவர் மடியிலே தலை சாய்வதுபோல் இடப்பக்கம் இருப்பவர் சரிந்து வருவார். பல காலம் இது வீட்டுக்கு வருவோருக்கு ஒரு வேடிக்கையாகவே இருந்து வந்தது.

அம்மா இடுப்பெலும்பு முறிந்து சத்திரசிகிச்சை பெற்று வைத்தியசாலையிலிருந்து திரும்பும் நாள் குறிக்கப்பட்டபோதுதான் அது வேடிக்கையாக இல்லாமற் போயிற்று. தாழ்ந்த ஆசனத்தில் அவரை இருத்தவேண்டாம் என்றும், இடுப்பு முழங்காலுக்குக் கீழே இறங்கலாகாது என்றும் வைத்தியர் சொல்லியனுப்பியிருந்தார். கூடத்தில் வேறு ஆசனம் என்று சொல்ல இரண்டு பிளாஸ்ரிக் கதிரைகளே இருந்தன. அவற்றில் ஒரு முதியவரை நீண்டநேரம் இருத்துவது எப்படி?

"எறிஞ்சிட்டுப் புதுசு வாங்குவம்" என்றார் அக்கா. அத்தான் ஒப்பவில்லை. அதற்குக் காரணம் சிக்கனம் மட்டுமன்று. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் கடல் கொண்டுபோனது போக எஞ்சியதை, 2006 இன் இறுதியில் வாகரைப் பிரதேச மக்கள் போரினால் இடம்பெயர்ந்தபோது விட்டுவிட்டுப் போனார்கள். திரும்பி வந்து வெறும் நிலத்தில் பாய் விரித்துப் படுத்த அந்தக் குடும்பம், தன் உழைப்பில் முதன்முதலாக வாங்கிய தளபாடம் இதுவே. இரவில் மூன்று பிள்ளைகள் இதில் குறுக்கே படுத்து உறங்கினார்கள். பள்ளம் விழுந்ததில் வியப்பென்ன?

படுக்கையை ஆசனமாக மடிக்கும் எண்ணம் புதியதன்று. அமெரிக்காவின் சிக்காகோவில் தளபாடக் கடை நடத்திய சாரா கூட் என்ற மாது, எழுதும் மேசையாக மடியும் கட்டில் ஒன்றுக்கு 1885 இல் காப்புரிமை பெற்றார். நெருக்கமான அறைகளில் வாழ்ந்தவர்களின் துன்பத்தை உணர்ந்து செய்யப்பட்ட பொருள் அது. பின்னர் 1931 இல் நியூயோர்க்கில் தொழில் தொடங்கிய பெர்னாட் காஸ்ட்ரோ என்பவர் சோபாக் கட்டிலை அந்நாட்டு வீடுகள்தோறும் கொண்டுசேர்த்தார். அவருடைய நான்கு வயதுச் சிறுமி தனியொருத்தியாகக் கட்டிலை விரித்துக் காட்டிய தொலைக்காட்சி விளம்பரம் பெரும் புகழ்பெற்றது. நம்மவர்களுக்கு இந்தக் கவலை நெடுங்காலம் இருக்கவில்லை. பகலில் சுருட்டிவைத்த பன்பாயை இரவில் விரித்தால் கூடமே படுக்கையறை! ஆனால் இடுப்பு முறிந்தவரைப் பாயில் கிடத்த முடியாதல்லவா?

கச்சான் காற்று வீசும் காலமாதலால் வேலைக்கு நல்ல வாய்ப்பு. வாடைக்காற்றும் மழையும் தொடங்கிவிட்டால் மெத்தையும் உலராது, பசையும் இலகுவில் இறுகாது. சனிக்கிழமை காலையில் அத்தானும் நாமும் மருமகனுமாக அதை முற்றத்து வேம்பின்கீழ்த் தூக்கிவந்து, கால்கள் வானைப் பார்க்கக் கவிழ்த்து வைத்தோம். பழுதுபார்க்க விரும்பும் எவரும் முதலிற் செய்யவேண்டியது இதுதான். மேலே அமுக்கி அமுக்கிப் பார்ப்பதால் ஒன்றும் விளங்காது. அடியிலே கறுப்புத் துணியொன்று கவைபோன்ற சிறு ஆணிகளால் அடிக்கப்பட்டிருக்கும். அதைக் கிழித்துவிடாமல், தட்டையான திருப்புளியால் ஆணிகளை நெம்பி ஒரு பக்கமாகச் சுருட்டிவிட்டால் நோயின் மூலம் தெரியவரும்.

எமக்குத் தெரியவந்தது மூன்று. பாம்புபோல் வளைந்தோடும் ஸ்பிறிங் கம்பிகள் பத்தில் இரண்டு, முன்சட்டத்திலிருந்து கொளுக்கி கழன்று தொங்கின. ஒன்று கறள் தின்று முறிந்திருந்தது. பின்மூலையில் சட்டங்கள் பொருந்துமிடத்தில் ஒரு விரற்கடை இடைவெளி. முனகல் அங்கிருந்தே வந்தது. ஸ்பிறிங்கே சத்தமிடுகிறதென்று பலரும் எண்ணி எண்ணெய் ஊற்றுவர். பெரும்பாலும் குற்றவாளி ஆட்டங்கண்ட மூலையே. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, ஒருவர் சட்டத்தை ஆட்ட மற்றவர் மூலைக்கு மூலை கையை வைத்துப் பார்ப்பது. மரம் மரத்தோடு உரசுவதை விரல் உடனே உணரும்.

மூலையில் பழைய பசை உலர்ந்து கண்ணாடிபோல் ஒட்டியிருந்தது. அதன்மேலேயே புதுப்பசை பூசுவது வீண். புதுப்பசை மரத்தில் ஊறவேண்டும், பழையதன்மேல் ஊறாது. உளியால் மெல்லச் சுரண்டி, மண்தாளால் தேய்த்து, மரப்பசை தடவிப் பொருத்தினோம். இறுக்கிப் பிடிக்கும் கருவி வீட்டில் இல்லை. தச்சர் ஒருவர் முன்பு காட்டித் தந்த உபாயத்தை அத்தான் நினைவுகூர்ந்தார். சட்டத்தைச் சுற்றி இரண்டு மடிப்பாகக் கயிறு கட்டி, மடிப்புகளுக்கிடையே ஒரு கம்பைச் செருகி முறுக்குவது. முறுக்க முறுக்க இடைவெளி மறைந்து பசை வெளியே பிதுங்கியது. கம்பு திரும்பிவிடாதபடி அதனைச் சட்டத்தோடு கட்டி, முழுதாக ஒரு நாள் தொடாமல் விட்டோம். பின்னர் உள்மூலையில் முக்கோணமாக அறுத்த கட்டையொன்றைத் திருகாணியால் பூட்டினோம். பழைய திருகாணித் துளைகள் அகன்றுபோயிருந்தால் பெரிய ஆணி தேடவேண்டாம். மருந்து நீக்கிய தீக்குச்சிகள் இரண்டு மூன்றைப் பசையில் தோய்த்துத் துளைக்குள் அடித்து, காய்ந்தபின் அதே ஆணியைப் பூட்டலாம்.

ஸ்பிறிங் வேலையில் ஓர் எச்சரிக்கை. கம்பி இழுபட்ட நிலையிலேயே மாட்டப்படும். கைதவறினால் சாட்டைபோல் பாயும். கையுறையும் கண்ணுக்கு ஒரு கண்ணாடியும் அணிந்து, பிள்ளைகளைத் தூர நிறுத்திவிட்டே தொடங்கவேண்டும். கம்பியின் முனையில் உறுதியான கயிற்றை மாட்டி ஒருவர் இழுக்க, மற்றவர் கொளுக்கியில் பொருத்துவது நன்று. கழன்ற கொளுக்கியைப் பழைய துளையிலேயே அடிக்காமல், ஓர் அங்குலம் தள்ளிப் புதுமரத்தில் திருகாணியால் பூட்டினோம். கொளுக்கிக்கும் கம்பிக்கும் நடுவே துணித்துண்டொன்றை மடித்து வைத்தால் இரும்பும் இரும்பும் உரசிச் சத்தமிடா.

முறிந்த கம்பிக்கு மாற்றுத் தேடி வாழைச்சேனைவரை போகவேண்டியிருந்தது. அதற்குள் பொறுமையிழந்த நாம், அவ்விடத்தில் மீன்பிடிக்காரர் பாவிக்கும் நைலோன் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிவிடலாமென ஆலோசனை கூறினோம். வலை பின்னும் கைகளுக்கு இந்த ஊரில் குறைவில்லை. ஊரின் பெயரிலேயே இருக்கும் பனிச்சை மரத்தின் காயைப் பிழிந்து, அதன் துவர்ச்சாற்றில் வலையைத் தோய்த்து உறுதியாக்கியது மீனவர் வழக்கம். பஞ்சு நூல் வலைகள் போய் நைலோன் வந்தபின் அந்த வழக்கம் அருகியது. அத்தான் அரைமணி நேரத்தில் அழகாகப் பின்னிமுடித்தார். மருமகன் ஏறி இருந்தான். பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தோம். மறுநாட் காலையில் அங்கே புதுப்பள்ளம் ஒன்று! நைலோன் பாரத்துக்கு இழுபடும் இயல்புடையது. வலைக்கும் நங்கூரக் கயிற்றுக்கும் அது நற்குணம். ஆசனத்துக்கு அதுவே தீக்குணம். ஆலோசனை கூறியவர் நாமாதலால், பின்னியதைப் பிரிக்கும் வேலையும் எமக்கே வந்தது.

பின்னர் செய்ததே நிலைத்தது. கம்பியை வாங்கி மாட்டியதோடு, மரக்காலையில் மூன்று அங்குல அகலப் பலகைகள் அறுப்பித்து, சட்டத்தின்மேல் இரண்டங்குல இடைவெளி விட்டுப் பூட்டினோம். ஒரே பலகையாக மூடினால் வேலை விரைவில் முடியும். ஆனால் வாவிக்கரை ஈரத்தில் மெத்தையின் அடி மூச்சுவிட வழியின்றிப் பூஞ்சணம் பிடித்துவிடும். பலகை போட்டதனால் ஆசனம் சற்று வன்மையாயிற்று. துள்ளி விளையாடும் பிள்ளைகளுக்கு அதில் ஏமாற்றந்தான். கைகளை ஊன்றி எழவேண்டிய அம்மாவுக்கோ அதுவே வேண்டியிருந்தது.

கீல்களையும் இரும்புக் கால்களையும் கம்பித் தூரிகையால் தேய்த்து, கறளடக்கும் செந்நிறப் பூச்சைப் பூசினோம். அசையும் இடங்களில் தையல் இயந்திர எண்ணெய் இரண்டு துளி போதும். அக்கா தேங்காயெண்ணெய்ப் போத்தலுடன் வந்தார், தடுத்துவிட்டோம். தேங்காயெண்ணெய் நாளடைவில் பிசினாகித் தூசியைப் பிடித்துவைத்து, பிறகு கீலையே இறுக்கிவிடும். மரத்தோடு மரம் உரசும் இடத்தில் எண்ணெயும் வேண்டாம். மெழுகுதிரியை நன்றாகத் தேய்த்தால் போதும்.

மெத்தையைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். உறையைக் கழற்றியபோது உள்ளிருந்த நுரைத் திண்டு மஞ்சளாகிப் பொடிப்பொடியாக உதிர்ந்தது. ‘ஸ்பொஞ்’ என்று நாம் கடையில் கேட்டு வாங்கும் இப்பொருள், ஜேர்மனியில் 1937 இல் ஒட்டோ பேயர் கண்டறிந்த பொலியூரித்தேன் இரசாயனத்தின் வழிவந்தது. உதிரத் தொடங்கினால் அதற்குச் சிகிச்சை இல்லை, மாற்றவே வேண்டும். உதிராமல் அமுங்கி மட்டும் இருந்தால் திருப்பிப் போட்டு இன்னும் சிலகாலம் ஓட்டலாம். கடைக்காரர் தடிப்பை மட்டுமே சொல்லுவார். நீங்கள் அடர்த்தியைக் கேளுங்கள். கனமீற்றருக்கு 30 கிலோவுக்குக் குறைந்ததை ஆசனத்துக்கு வாங்குவது பணத்தைக் கடலிற் போடுவதற்கு ஒப்பாகும். நாம் அடியில் றப்பர் பூசிய தும்புத் தகடும் மேலே ஸ்பொஞ்சுமாக இரண்டடுக்கு வைத்தோம். தும்பு தாங்கும், காற்றும் விடும். ஸ்பொஞ் உடலுக்கு இதம் தரும்.

உறையை, முச்சக்கர வண்டி ஆசனங்களுக்குத் தைக்கும் குஷன் கடையொன்றில் தைப்பித்தோம். பருத்தித் துணியாயின் வெட்டுவதற்குமுன் ஒருமுறை நனைத்து உலர்த்துவது அவசியம். இல்லையேல் முதற் சலவையிலேயே உறை சுருங்கி மெத்தை வில்லாக வளையும். பழைய உறையின் மடிப்புகளிலும் சட்டத்தின் இடுக்குகளிலும் மூட்டைப்பூச்சி இருக்கின்றதா என்று பார்த்துவிட வேண்டும். துணியை வெந்நீரில் துவைத்தால் மூட்டையும் முட்டையும் மாளும். தடித்த மெத்தையை வெயிலில் போடுவதால் மட்டும் அவை ஒழியா. உள்ளே வெப்பம் ஏறாது. அவை உட்பக்கம் ஒதுங்கிக்கொள்ளும்.

எல்லாம் முடிந்ததும் உயரத்தை அளந்தோம். அம்மாவின் முழங்கால் மடிப்பிலிருந்து நிலம்வரை பதினாறு அங்குலம். ஆசனமோ பள்ளம் நீங்கியபின்னும் பதினைந்தே. எனவே பாலைமரக் கட்டைகள் நான்கை மூன்றங்குல உயரத்துக்கு அறுத்து, கால் நழுவாமலிருக்க ஒவ்வொன்றிலும் ஓரங்குல ஆழம் குழிதோண்டி வைத்தோம். கட்டை உயர்த்துவது இரண்டங்குலம். ஆகவே ஆசனம் பதினேழு. வெறும் செங்கல்லை அடுக்கி உயர்த்துவோர் உண்டு. முதியவர் ஊன்றி எழும்போது கால் கல்லிலிருந்து வழுகுமானால் மீண்டும் வைத்தியசாலைதான். இவ்வளவு கவனமாகச் செய்த நாமும் ஒன்றை மறந்துவிட்டோம். இரவில் அம்மாவின் அறைவாசலில் அக்கா படுப்பதற்காக அதனை விரித்தபோது, பின்பகுதி பள்ளத்தாக்குப்போல் சரிந்தது. விரிக்கும்போது இறங்கும் இரண்டு கால்களுக்குக் கட்டை வைக்கவில்லை! பிள்ளைகள் சிரித்த சிரிப்பு வாவிக்கு அப்பால் கேட்டிருக்கும். மறுநாள் இன்னும் இரண்டு கட்டைகள் அறுத்தோம்.

அம்மா வந்து இறங்கிய மாலையில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பேரன் கையைப் பிடித்து மெல்ல அமர்ந்தார். சத்தம் இல்லை. தாமாகவே கையூன்றி எழுந்தார், மீண்டும் இருந்தார்.

"முந்தி இதுக்குள்ள இருந்தா எழும்ப ஏலாது மனே" என்றார். "ஆரு திருத்தின?"

அத்தான் நம்மைக் காட்டினார். நாம் அத்தானைக் காட்டினோம். நைலோன் கயிற்றுக் கதையை மருமகன் சொல்லிவிட்டான்.

அன்றுமுதல் அந்த வீட்டில் சில கட்டளைகள் நடைமுறைக்கு வந்துள்ளன. கட்டிலை ஒரு மூலையைப் பிடித்து இழுத்து விரிக்கக்கூடாது. நடுவைப் பிடித்தே இழுக்கவேண்டும், இல்லையேல் கீல் முறுகும். மடிக்கும்போது சிறுபிள்ளைகளின் விரல்கள் எங்கே என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். கைப்பிடியில் ஏறி உட்காரலாகாது. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளியே வைக்கவேண்டும். கறையான் சுவர்வழியே மண்கூடு கட்டி மரத்தைத் தேடி வருவது, தள்ளியிருந்தால் கண்ணிற் படும். சட்டம் றப்பர் மரமாகையால் ஈரம் பட்டால் பூஞ்சணமும் துளைக்கும் பூச்சியும் எளிதில் பற்றும்; எனவே கூடம் கழுவும் நாளில் கட்டைகளின்கீழ் நீர் தேங்கவிடாமல் துடைத்தெடுப்பது மூத்த பேர்த்தியின் பொறுப்பு. மெத்தைகளை மாதம் ஒருமுறை இடம்மாற்றிப் போடுவது மருமகனுடையது.

வாடை தொடங்குமுன் அடித்துணியைத் திரும்ப அடித்துவிட வேண்டுமென்று அக்கா நினைவூட்டிக்கொண்டிருக்கிறார். அத்தான் இன்னும் அடிக்கவில்லை. வலப்பக்கத்திலே ஒரு கம்பி மெல்ல முனகத் தொடங்கியிருக்கிறதாம். அதையும் பார்த்துவிட்டே மூடவேண்டும் என்கிறார்.