பாக் நீரிணையைக் கடக்கும் கப்பல்வழி

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில் அமைந்துள்ள சித்தூர் வட்டத்திற்குக் கடற்கரை கிடையாது. எனினும் தமிழும் மலையாளமும் ஒருங்கே வழங்கும் இப்பகுதி மக்களுக்கும் இலங்கைக்குச் செல்லும் கடல்வழி ஒரு காலத்தில் எட்டாததாக இருக்கவில்லை. 1932ஆம் ஆண்டில் பொள்ளாச்சி-பாலக்காடு மீட்டர் பாதை திறக்கப்பட்டபின், முதலமடையிலோ கொல்லங்கோட்டிலோ வண்டியேறியவர் திண்டுக்கல், மதுரை வழியாகத் தனுஷ்கோடி வரை இருப்புப்பாதையிலேயே செல்ல முடிந்தது. அங்கிருந்து இலங்கையின் தலைமன்னார் ஏறத்தாழ 35 கிலோ மீட்டர். இடையில் இருந்தது ஒரு சிறு கப்பல் பயணமே.

இந்த ஏற்பாடு 1914ஆம் ஆண்டில் உருவானது. அதற்குமுன் கொழும்பு செல்வோர் தூத்துக்குடியில் கப்பல் ஏறினர். அவ்வாண்டு பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும், மார்ச் முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல்கள் ஓடத் தொடங்கின. சென்னை எழும்பூரிலிருந்து கொழும்பு வரை ஒரே பயணச்சீட்டு வாங்கலாம். வண்டி துறைமேடை வரை வரும்; பயணி இறங்கிக் கப்பலேறுவார்; மறுகரையில் கொழும்பு வண்டி காத்திருக்கும். ‘போட் மெயில்’ என்னும் பெயர் அப்படித்தான் நிலைத்தது. இவ்வழியின் வெற்றிக்குக் கப்பலின் வேகம் காரணமன்று. ரயிலும் கப்பலும் ஒரே கால அட்டவணைக்குக் கட்டுப்பட்டிருந்ததே காரணம் எனலாம்.

இவ்வழியில் சென்றவர்களில் பெரும்பகுதியினர் சுற்றுலாப் பயணிகள் அல்லர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்கள் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டு, மருத்துவச் சோதனைக்குப்பின் அனுப்பப்பட்டனர். பின்னர் அதே வழி எதிர்த்திசையிலும் பயன்பட்டது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சாஸ்திரி-சிரிமாவோ ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என முடிவாயிற்று. தாயகம் திரும்பியோர் இராமேசுவரத்தில் வந்திறங்கி, மண்டபம் வழியாக நீலகிரி முதலிய இடங்களுக்குச் சென்றனர். கேரளத்தின் புனலூரில் இவர்களுக்கெனவே அரசு ரப்பர் தோட்டம் அமைக்கப்பட்டது.

ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதங்கள் நிறைவதற்குள், 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணி வண்டியைக் கடல் கொண்டது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். சிதைந்த பாம்பன் பாலத்தை 46 நாட்களில் சீரமைத்த பொறியாளர் இ. ஸ்ரீதரன் பாலக்காடு மாவட்டத்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. தனுஷ்கோடி மீளவில்லை. கப்பல் இராமேசுவரத்திலிருந்து ஓடியது. இந்தியக் கப்பல் கழகத்தின் ‘இராமானுஜம்’ பலருக்கு நினைவிருக்கும். 1980களின் முற்பகுதியில் இலங்கையில் இனப்பூசல் முற்றியதும் அப்போக்குவரத்தும் நின்றது.

மீண்டும் தொடங்கும் முயற்சிகள் எளிதில் கைகூடவில்லை. 2011 ஜூனில் தூத்துக்குடி-கொழும்பு இடையே விடப்பட்ட ‘ஸ்கோஷியா பிரின்ஸ்’ என்னும் பெரிய கப்பல் சில மாதங்களிலேயே நின்றுவிட்டது. 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திற்கும் யாழ்ப்பாணத்தின் காங்கேசன்துறைக்கும் இடையே ‘செரியபாணி’ என்னும் விரைவுக் கப்பல் புறப்பட்டது. 150 பேர் அமரலாம். ஏறத்தாழ 110 கிலோ மீட்டரை மூன்றரை மணி நேரத்தில் கடக்கும். கட்டணம் வரியுடன் 7,670 ரூபாய். தொடக்கச் சலுகையில் 2,800 ரூபாய். ஒரு வாரத்திலேயே அது நிறுத்தப்பட்டு, 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ என்னும் கப்பலைக் கொண்டு தனியார் நிறுவனம் சேவையைத் தொடர்ந்தது.

இடையிடையே சேவை நிற்பது ஏன்? பாக் நீரிணை ஆழமற்றது. இராமர் சேதுப் பகுதியிலோ சில இடங்களில் ஓரிரு மீட்டர் நீரே உண்டு. எனவே ஆழம் குறைந்த சிறு கப்பல்களே இங்குப் பொருந்தும். சிறு கப்பலோ வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தின் அலைகளைத் தாங்குவது அரிது. வடக்கு நோக்கிய காங்கேசன்துறை அக்காற்றை நேரே எதிர்கொள்கிறது. ஆண்டின் சில மாதங்கள் வருவாயின்றிக் கழியும் என்பதைக் கணக்கில் கொள்ளாமல் கட்டணம் நிர்ணயிப்பது வீண். ஆனால் நாகையிலும் ரயில் உண்டு. காங்கேசன்துறைக்கும் 2015 முதல் மீண்டும் ரயில் வருகிறது. பழைய ஒருங்கிணைப்பு இன்னும் வரவில்லை. பயணி கடவுச்சீட்டும் மின்னணுப் பயண அனுமதியும் வைத்திருந்தால் போதாது. இரு கரைகளிலும் தானே வண்டி தேட வேண்டும்.

காங்கேசன்துறையில் இறங்கியவருக்குப் படகுப் பயணம் முடிந்துவிடுவதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து பேருந்தில் புங்குடுதீவின் குறிகட்டுவான் துறைக்குச் சென்றால், அங்கிருந்து நயினாதீவு கால்மணி நேரத் தொலைவு. நாகபூசணி அம்மன் கோயிலுக்கும் நாகவிகாரைக்கும் செல்வோர் ஒரே படகில் அமர்ந்து போகின்றனர். பவளக்கல் மதில்களும் காட்டுக் குதிரைகளும் உள்ள நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். தீவு மக்களுக்கு இப்படகுகளே மருத்துவமனைக்கும் சந்தைக்கும் வழி. ஊர்காவற்றுறை-காரைநகர், மட்டக்களப்பின் மண்டூர்-குருமண்வெளி போன்ற இடங்களில் வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் மிதவையை மக்கள் ‘பாதை’ என்றே அழைக்கின்றனர். நீரைக் கடப்பதும் சாலையின் ஒரு பகுதியே என்னும் கருத்து இச்சொல்லில் அடங்கியுள்ளது.

இப்பாதைகளில் ஆபத்தும் உண்டு. 2021 நவம்பர் 23 அன்று திருகோணமலை மாவட்டம் கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டும் பணியின்போது மாற்று ஏற்பாடாக இயங்கிய மிதவை கவிழ்ந்து பள்ளிச் சிறுவர்களும் உயிரிழந்தனர். நம் பக்கத்திலும் இத்தகைய துயரங்கள் நேர்ந்துள்ளன. இடுக்கி மாவட்டத்தின் தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 அன்று 45 பேரும், மலப்புரம் தானூரில் 2023 மே 7 அன்று 22 பேரும் மடிந்தனர். காரணம் இயற்பியல் பாடத்தில் உள்ளதே. மேல்தளத்தில் ஆட்கள் கூடும்போது படகின் ஈர்ப்பு மையம் உயர்கிறது. ஒரு பக்கமாக அனைவரும் நகர்ந்தால் சாய்ந்த படகு நிமிர்வதில்லை. நயினாதீவுப் படகில் பயணிகளைக் கீழறையில் உட்காரச் சொல்வது சிலருக்குப் புழுக்கமாகத் தோன்றலாம். எடை தாழ்வாக இருப்பதால் படகு நிலைபெறுகிறது. எனினும் கீழறையில் அமர்ந்தவர் அவசரத்தில் வெளியேறுவது கடினம். ஆதலின் உயிர்காப்பு அங்கியைக் கையில் வைத்திராமல், படகு கரையை விடும் முன்பே அணிந்துகொள்ள வேண்டும். ஏற்றும் எண்ணிக்கையைத் துறையிலேயே எண்ணிச் சரிபார்க்க ஒரு அலுவலர் இருத்தல் வேண்டும்.