விரல் ரேகையும் ஓர் அமானிதம்

முன்பு எழுதத் தெரியாதவர்தான் கைநாட்டு வைத்தார். இன்று ரேஷன் வாங்க நாம் எல்லோரும் விரல் வைக்கிறோம். காரணம், தாயின் கருவிலேயே உருவாகும் ரேகை இரட்டையருக்குக்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. மறுமையில் விரல் நுனிகளையும் சீராக்கும் அல்லாஹ்வின் ஆற்றலை அல்கியாமா அத்தியாயத்தின் 4ஆம் வசனம் கூறுகிறது. 1897இல் கல்கத்தாவில் காவல்துறை ரேகைப் பதிவகம் தொடங்கியது. ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்கியவர்களில் காஜி அஜீஸுல் ஹக் ஒருவர்.

சாயப்பட்டறையில் ரசாயனத்தோடு உழைப்பவர்களுக்கும் முதியோருக்கும் ரேகை தேய்ந்து, கருவி ஏற்காமல் போகலாம். அதனால் உரிமை போய்விடாது. கையைக் கழுவித் துடைத்து வேறு விரலை வையுங்கள். கருவிழிப் பதிவைக் கேளுங்கள். ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பியுங்கள். பிள்ளைகளுக்கு 5, 15 வயதில் புதுப்பிப்பது கட்டாயம். வெற்றுத்தாளில் யாருக்கும் கைநாட்டு வைக்காதீர்கள். ரேகை அல்லாஹ் நம்மிடம் தந்த அமானிதம்.