நீற்றுதல் (வேதியியல்)

நீற்றுதல் என்பது ஒரு திண்மப் பொருளை, அது உருகாத அளவில் கடுமையாகச் சூடாக்கி, அதில் பிணைந்துள்ள கார்பன் டை ஆக்சைடு, நீர் போன்றவற்றை வெளியேற்றும் செயல்முறை ஆகும். ஆங்கிலத்தில் இது கால்சினேஷன் எனப்படும். பள்ளி உலோகவியல் பாடத்தில் ‘காற்றில்லா வறுத்தல்’ என்ற பெயரில் மாணவர்கள் இதைப் படிக்கின்றனர். சேலம், நாமக்கல் வட்டாரக் கனிமங்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள் ஆகும்.

சொற்பொருள்

சுண்ணாம்பைக் குறிக்கும் ‘கால்க்ஸ்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து கால்சினேஷன் பிறந்தது. தமிழில் ‘நீறு’ என்பதும் சாம்பலையும் சுண்ணாம்பையும் குறிக்கும். சித்த மருத்துவத்தில் பற்பம் செய்யப் பொருளை அகலில் வைத்து மூடி, சீலைமண் பூசி, வறட்டி அடுக்கிப் புடமிடுவதும் இதனோடு ஒப்பிடத்தக்கது.

ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். காளவாயில் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுப் பெறுவது சுட்ட சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஆக்சைடு. அதில் நீர் விட்டால் கிடைப்பது நீற்றிய சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடு. பெயரில் ‘நீற்றிய’ என்று இருந்தாலும் பின்னது கால்சினேஷனின் விளைபொருள் அன்று.

சேலம் மேக்னசைட்டு

சேலம் நகருக்கு வடக்கே, சேர்வராயன் மலையடிவாரத்தில் டியூனைட்டு பாறைகளுக்கிடையே மேக்னசைட்டு வெண்ணிற நரம்புகளாகப் படர்ந்துள்ளது. உள்ளூரில் இதை வெள்ளைக்கல் என்பர். ஆங்கிலேயர் இக்குன்றுகளை ‘சாக் ஹில்ஸ்’ என்று அழைத்தனர். ஆனால் சாக் என்பது கால்சியம் கார்பனேட்டு; வெள்ளைக்கல்லோ மக்னீசியம் கார்பனேட்டு. தமிழ்நாடு அரசு நிறுவனமான தமிழ்நாடு மேக்னசைட்டு நிறுவனம் 1979-இல் தொடங்கப்பட்டது.

சூளையில் நிகழும் வினை:

மக்னீசியம் கார்பனேட்டு → மக்னீசியம் ஆக்சைடு + கார்பன் டை ஆக்சைடு

1,000 கிலோ தூய மக்னீசியம் கார்பனேட்டை முழுமையாக நீற்றினால் சுமார் 478 கிலோ ஆக்சைடு எஞ்சும். 522 கிலோ வாயுவாக வெளியேறும்.

வெப்பநிலையைப் பொறுத்து விளைபொருளின் தன்மை மாறும். ஏறத்தாழ 700 முதல் 1,000 டிகிரி செல்சியசில் சுட்டால் எளிதில் வினைபுரியும் காஸ்டிக் மக்னீசியா கிடைக்கும். இது உரம், கால்நடைத் தீவனம், தனிவகைச் சிமெண்ட் ஆகியவற்றில் பயன்படுகிறது. 1,500 டிகிரிக்கு மேல் சுட்டால் துகள்கள் இறுகி, நீருடன் எளிதில் வினைபுரியாத ‘டெட் பர்ன்ட்’ மேக்னசைட்டு கிடைக்கும். மக்னீசியம் ஆக்சைடின் உருகுநிலை சுமார் 2,800 டிகிரி. எனவே எஃகு உலைகளின் உட்சுவருக்கான தீச்செங்கற்கள் இதிலிருந்து செய்யப்படுகின்றன.

பிற எடுத்துக்காட்டுகள்

நீற்றுதலில் வெளியேறுவது எப்போதும் கார்பன் டை ஆக்சைடுதான் என்பதில்லை. ஏற்காடு, கொல்லிமலைப் பகுதிகளில் வெட்டப்பட்ட பாக்சைட்டு முன்பு மேட்டூர் அலுமினிய ஆலைக்குச் சென்றது. பாக்சைட்டைத் தூய்மையாக்கும் பேயர் முறையின் இறுதிப் படியில் அலுமினியம் ஹைட்ராக்சைடு நீற்றப்படுகிறது. அங்கு வெளியேறுவது நீராவி, எஞ்சுவது அலுமினா.

நாமக்கல் என்றதும் நினைவுக்கு வரும் முட்டையின் ஓட்டில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட்டே. 100 கிராம் தூய கால்சியம் கார்பனேட்டை நீற்றினால் 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். ஆனால் முட்டை ஓட்டின் உட்புறச் சவ்வு காற்றில் எரிவது நீற்றுதல் அன்று, அது எரிதல்.

வறுத்தலிலிருந்து வேறுபாடு

வறுத்தலில் காற்றிலுள்ள ஆக்சிஜன் வினையில் பங்கேற்கிறது. துத்தநாக சல்பைடை வறுக்கும்போது துத்தநாக ஆக்சைடும் சல்பர் டை ஆக்சைடும் உண்டாவது இதற்கு எடுத்துக்காட்டு. நீற்றுதலில் பொருள் வெப்பத்தால் மட்டுமே சிதைகிறது.

‘காற்றில்லாமல்’ என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டால் சிக்கல் எழும். சூளையில் எரிபொருள் எரியவே காற்று வேண்டும். மேலும், முற்றிலும் மூடிய கலத்தில் சுண்ணாம்புக்கல்லைச் சூடாக்கினால், வெளிவந்த வாயு அங்கேயே தேங்கி வினை முழுமையடைவதைத் தடுக்கும். வாயு வெளியேற வழி தேவை. தூய மற்றும் பயன்பாட்டு வேதியியலுக்கான அனைத்துலக ஒன்றியமும் கால்சினேஷனைக் காற்றில் அல்லது ஆக்சிஜனில் சூடாக்குதல் என்றே வரையறுக்கிறது. வினையூக்கித் தயாரிப்பில் இச்சொல் மிகுதியாக வழங்குவதாகவும் குறிப்பிடுகிறது.

ஆகவே தேர்வில் பாடநூல் வரையறையை எழுதும் மாணவர், அதன் உட்பொருளையும் அறிந்திருப்பது நல்லது. காற்று இருக்கிறதா என்பதைவிட, ஆக்சிஜன் வினைபடுபொருளாக உள்ளதா என்று பார்த்தால் இரண்டையும் எளிதில் பிரித்தறியலாம்.

சுற்றுச்சூழல்

சிமெண்ட் ஆலைகளிலும் சுண்ணாம்புக்கல் நீற்றப்படுகிறது. சங்ககிரி ஆலையும் அவற்றுள் ஒன்று. நிலக்கரிக்குப் பதிலாகச் சூரிய வெப்பத்தைப் பயன்படுத்தினாலும், கல்லுக்குள் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறியே தீரும். எரிபொருளை மாற்றுவதால் மட்டும் இத்தொழில்களின் கார்பன் உமிழ்வை முற்றிலும் நீக்க முடியாததற்கு இதுவே காரணம்.