டயபரும் கைத்தடியும் கப்பலேறும்போது

சொகுசுக் கப்பல் விளம்பரங்களில் பத்து வயதுப் பையன் ஒருவன் நீர்ச்சறுக்கில் கூச்சலிட்டபடி இறங்குவான். அம்மாவும் அப்பாவும் சாய்வு நாற்காலியில் படுத்து வெயில் காய்வார்கள். அந்தப் படத்தில் இரண்டு பேர் இருக்க மாட்டார்கள்: ஒன்றரை வயதுக் குழந்தையும், மூட்டுவலிக்காரப் பாட்டியும். மூன்று தலைமுறை சேர்ந்து போகிற குடும்பம் இந்த இருவரை வைத்துத்தான் கப்பலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நடுவில் இருப்பவர்கள் எந்தக் கப்பலிலும் சமாளித்துக்கொள்வார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து கிளம்புகிறவர்களுக்குப் பக்கத்து வழி சென்னைத் துறைமுகம். கார்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பலை 2022 ஜூனில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் இங்கே கொடியசைத்துத் தொடங்கிவைத்தார். மறு ஆண்டே அது அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கையைச் சுற்றியது. 1990-ல் வந்த கப்பல். இன்றைய அளவுக்குச் சிறியதுதான். சிறியதாக இருப்பதில் ஒரு சௌகரியம், அறைக்கும் சாப்பாட்டுக்கூடத்துக்கும் நடுவே தாத்தா அதிகம் நடக்க வேண்டியதில்லை. சங்கடமும் உண்டு, அலை கொஞ்சம் கூடுதலாகத் தெரியும்.

மற்றொரு வழி சிங்கப்பூர். மரீனா பே முனையத்திலிருந்து ராயல் கரீபியனின் பெரிய கப்பல்கள் பினாங்கு, புக்கெட் பக்கம் மூன்று, நான்கு இரவுப் பயணங்கள் போகின்றன. ஒரு பக்கம் சுமத்ரா, மறுபக்கம் மலாய் தீபகற்பம். நடுவிலுள்ள மலாக்கா நீரிணை பெரும்பாலும் அமைதியான கடல். தலைசுற்றலுக்குப் பயப்படுகிறவர்கள் முதல் பயணத்தை இங்கே வைத்துக்கொள்ளலாம். விசாவில் மட்டும் கவனம் வேண்டும்: பினாங்கு போய்த் திரும்பினால் சிங்கப்பூருக்குள் இரண்டாம் முறை நுழைவதாகக் கணக்கு.

பெரிய நிறுவனங்கள் பலவற்றில், கிளம்பும் நாளில் குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்திருக்க வேண்டும். பெருங்கடலைக் கடக்கும் நீண்ட பயணமென்றால் ஒரு வயது. வீட்டில் கர்ப்பிணி இருந்தால், பயணத்தின் கடைசி நாள்வரை 24-வது வாரம் தொடங்கியிருக்கக் கூடாது. ஏறும் நாளை மட்டும் எண்ணிப் பார்த்துவிட்டுப் போனால் துறைமுகத்திலேயே நிறுத்திவிடுவார்கள்.

பலர் ஏமாறுவது சிறுவர் மன்றத்தில்தான். காலையிலிருந்து இரவுவரை இலவசமாகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டுப் பணம் கட்டிவிடுகிறார்கள். ராயல் கரீபியனில் அது மூன்று வயதிலிருந்துதான். டயபரையும் விட்டிருக்க வேண்டும். அதற்குக் கீழே உள்ளவர்களுக்குக் காப்பகம் இருக்கும் கப்பல்களில் மணிக்கணக்கில் கட்டணம். கார்னிவல் நிறுவனம் இரண்டு வயதுப் பிள்ளையை டயபரோடே சேர்த்துக்கொள்கிறது. மகன், மகளைப் பார்க்க அமெரிக்கா போய் அங்கிருந்து கப்பலேறும் பெற்றோருக்கு இந்த வித்தியாசம் பெரிது. நீச்சல் குளத்திலும் இதே கதை: டயபர் போட்ட குழந்தையை, அது நீச்சலுக்கான டயபராகவே இருந்தாலும், இறக்க விடமாட்டார்கள். மழலையருக்கென்று தனியாகத் தண்ணீர் விளையாட்டு இடம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ராயல் கரீபியனின் அலைச்சறுக்கிலோ படுத்துச் சறுக்கவே 132 செ.மீ. உயரம் வேண்டும்.

இதையெல்லாம் கேட்காமல் போனால் குழந்தை யாரிடம் போகும்? பாட்டியிடம்தான். கடல் பார்க்க வந்தவர் நான்கு நாளும் அறைக்குள் பேரனைத் தூங்கவைத்துக்கொண்டிருப்பார். செலவு செய்து கூட்டிப்போய் ஆயா வேலை கொடுத்த மாதிரி!

அறை எப்படி இருக்கும்? கட்டிலுக்கு மேலே, கூரையை ஒட்டி மடித்த இரண்டு படுக்கைகள் இரவில் கீழே இறங்கும். குழந்தைத் தொட்டிலையும் போட்டால் தரையில் கால்வைக்க இடமிருக்காது. குளியலறை வாசலில் உயரமான நிலைப்படி. நள்ளிரவில் எழுந்துபோகும் பெரியவர் அதில்தான் தடுக்குவார். மாற்றுத்திறனாளிகளுக்கான அறைகளில் அந்தப் படி இருக்காது, சுவரில் கைப்பிடிகள் இருக்கும். ஆனால் அவை எண்ணிக்கையில் குறைவு, சீக்கிரமே போய்விடும். இடைக்கதவு வைத்த இரட்டை அறைகளும் அப்படியே. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் எடுத்தால் ஆட்டம் குறையும். உயிர்காக்கும் படகில் கைக்குழந்தைக்கும் ஓர் இடம் கணக்கு. அதனால் அறையில் படுக்கை காலியாக இருந்தும் ஐந்தாவது ஆளைச் சேர்க்க முடியாது என்று சொல்வதுண்டு.

இறங்கும் ஊர்களையும் பெரியவர்களின் கால்களை வைத்தே பார்ப்பது நல்லது. பினாங்கில் கப்பல் ஜார்ஜ் டவுனின் ஸ்வெட்டன்ஹாம் துறையிலேயே நிற்கும். லிட்டில் இந்தியாவும் 1833-ல் எழுந்த மகா மாரியம்மன் கோவிலும் நடந்துபோகிற தூரம். தோசை சாப்பிட்டுவிட்டு மதியத் தூக்கத்துக்குத் திரும்பிவிடலாம். போர்ட் கிளாங்கில் இறங்கிக் கோலாலம்பூர் பார்ப்பதென்றால் போக மட்டும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. புக்கெட்டின் பத்தோங் கடற்கரையில் பெரிய கப்பல்கள் தள்ளி நங்கூரமிட்டு, சிறு படகில் ஆட்களைக் கரைசேர்க்கும். சக்கர நாற்காலிக்காரர் அந்தப் படகில் ஏற அலை இடம் கொடுக்க வேண்டும். குறித்த நேரத்துக்குத் திரும்பாதவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது.

டிக்கெட் விலையோடு செலவு முடிவதில்லை. ஆளுக்கு, நாளுக்கு என்று ஊழியர் அன்பளிப்புத் தொகை சேரும். ராயல் கரீபியனில் குழந்தைக்கும் அதே தொகைதான். கப்பல் மருத்துவரிடம் போனால் தனிக் கட்டணம் என்பதால், கடலிலிருந்து நோயாளியை மீட்டுக் கொண்டுபோகும் செலவையும் ஏற்கும் பயணக் காப்பீடு அவசியம். இந்தியச் சாப்பாடு, சைவம் எல்லாம் முன்கூட்டியே சொன்னால் கிடைக்கிறது. எலக்ட்ரிக் கெட்டிலையும் ரைஸ் குக்கரையும் தீ ஆபத்து கருதி வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பால்பவுடர் கொண்டுபோய், ஃபிளாஸ்க்கில் வெந்நீர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

ஏறும் நாளில் துறைமுகத்தில் ஒப்படைத்த பெட்டிகள் அறைக்கு வந்துசேரச் சாயங்காலம்கூட ஆகலாம். பாட்டியின் பிரஷர் மாத்திரை, குழந்தைக்கு மாற்றுத்துணி, இரண்டு டயபர் ஆகியவை கைப்பையில்தான் இருக்க வேண்டும்.