பரணில் கிடக்கும் 25 கிலோ பாட்டு

தாத்தாவின் கிராமபோன் பிளேட் ஒன்று என்னிடம் இருக்கிறது. கால்வாசி உடைந்துபோனதால் இனி அதைப் போட்டுக் கேட்க முடியாது. உடைந்த விளிம்பில் விரலை வைத்தால் ஸ்லேட்டுப் பலகைபோலச் சொரசொரக்கும். அதில் பெரும்பங்கு கல்தூள். அந்தத் தூளைப் பிடித்து நிறுத்துவது அரக்கு. புரசு, இலந்தை மரக் கிளைகளில் ஒட்டி வாழும் பூச்சி சுரப்பது. சோட்டா நாக்பூர் பக்கத்துப் பழங்குடி மக்கள் கிளை கிளையாகச் சுரண்டியெடுத்த அந்தப் பிசின்தான், 1950கள் வரை உலகத்தின் பாட்டையெல்லாம் சுமந்தது.

1948ல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் நீண்டநேரம் ஓடும் எல்.பி. தட்டைக் கொண்டுவந்தது. அரக்கின் இடத்தை பி.வி.சி. பிளாஸ்டிக் பிடித்தது. கீழே விழுந்தால் நொறுங்காது, பக்கத்துக்கு 20 நிமிடம் தாண்டியும் ஓடும். யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் நம் வீட்டுத் தண்ணீர்க் குழாயும் எல்.பி.யும் ஒரே சரக்கு. பி.வி.சி.யின் எடையில் சுமார் 57 சதவீதம் குளோரின். அதற்கு மூலப்பொருளான வினைல் குளோரைடு, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதிசெய்யப்பட்ட வாயு. மண்ணில் போட்டால் மட்காது. எரித்தால் அமிலப் புகையும் டையாக்சினும்.

சென்னையில் சிறிய ஒலிப்பதிவுக் கூடம் நடத்துகிறேன். சில வருடங்களுக்கு முன் நண்பர்கள் நான்கு பேரின் ஆல்பத்தை எல்.பி.யாகப் போட்டோம். வெளிநாட்டு ஆலை ஒன்று 300க்குக் குறைந்து அடிக்க மாட்டேன் என்றது. சரி என்றோம். விற்றது 120. மிச்சம் 180 தட்டு, ஒன்று 140 கிராம். கூட்டிப் பார்த்தால் 25 கிலோ பிளாஸ்டிக் என் வீட்டுப் பரணில் இருக்கிறது. இரண்டு கோடை தாண்டியதும் ஒன்றை எடுத்துப் போட்டேன். தட்டு அப்பளம்போல நெளிந்திருந்தது. ஊசி ஏறி ஏறி இறங்க, வயலின் சுருதி ஆடியது. அந்த வயலினுக்காக நாங்கள் மூன்று இரவு விழித்திருந்தோம். அன்றைக்குத்தான் வேறு வழி என்ன என்று தேடத் தொடங்கினேன்.

வழிகள் இருக்கின்றன. ‘பயோவினைல்’ என்று விற்பதும் பி.வி.சி.தான். பெட்ரோலியத்திலிருந்து வரவேண்டிய எத்திலீன் பங்குக்குப் பதிலாக, பயன்படுத்திய சமையல் எண்ணெய் போன்றவற்றை ஆலையின் தொடக்கத்திலேயே கலந்து கணக்கில் காட்டுகிறார்கள். கரி உமிழ்வு குறையும். குளோரின் குறையாது. தட்டு அழுத்தும்போது ஓரத்தில் பிதுங்குவதை வெட்டி, அரைத்து, மறுபடி அடிப்பது இன்னொரு வழி. எனக்கு இது பிடிக்கும். புதிதாக எதையும் தோண்டி எடுக்க வேண்டியதில்லை. கோல்ட்பிளே குழு 2024ல் ‘மூன் மியூசிக்’ ஆல்பத்தை பழைய பெட் பாட்டில்களிலிருந்து செய்தது. ஒரு தட்டுக்கு 9 பாட்டில். அதற்கு முன், 2022ல் இங்கிலாந்தின் எவல்யூஷன் மியூசிக் நிறுவனம் செடியின் சர்க்கரை, மாவுச்சத்திலிருந்து ஒரு தட்டைச் செய்தது. பாடகர் மைக்கேல் ஸ்டைப்பின் பாட்டு அதில் இருந்தது, 500 பிரதி மட்டும். செடியில் பிறந்த பிளாஸ்டிக் என்பதால் தோட்டத்தில் புதைத்தால் மட்கிவிடும் என்று எண்ண வேண்டாம். இந்த வகைகளில் பலவும் சூடேற்றிய உரக்கிடங்கில்தான் மட்கும்.

இதெல்லாம் எதற்கு, ஸ்ட்ரீமிங்கில் கேட்டால் போதாதா என்பார்கள். கைல் டெவைன் என்ற ஆய்வாளர் அமெரிக்கக் கணக்கை எடுத்துப் பார்த்தார். இசையைப் பதிவாகக் கேட்பதால் 2000ல் உண்டான பசுமைக்குடில் வாயு 15.7 கோடி கிலோ. சிடி விற்பனை சுருங்கிப்போன 2016ல் அது 20 கோடியிலிருந்து 35 கோடி கிலோ வரை. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் எங்கோ ஒரு சர்வர் ஓடுகிறது, மின்சாரம் செலவாகிறது. ஒரே முறை இறக்கிவைத்த கோப்பு அந்தச் சர்வரை மறுபடி எழுப்புவதில்லை.

அதனால் எங்கள் அடுத்த ஆல்பத்துக்குப் பாட்டுப் புத்தகம் போட்டோம். சினிமாக் கொட்டகை வாசலில் சில காசுக்கு விற்றதே, அதே பாட்டுப் புத்தகம். திருவல்லிக்கேணியில் தெரிந்த அச்சகம். 40 பக்கம், நூல் தையல், லாமினேஷன் இல்லாத அட்டை. உள்ளே பாடல் வரிகள், ராகக் குறிப்பு, யார் எதை வாசித்தார் என்ற விவரம். கடைசிப் பக்கத்தில் ஒரு கியூஆர் கட்டம். அதை வைத்து முழுத் தரத்தில் பாட்டை இறக்கிக்கொள்ளலாம். முதலில் 100 பிரதி அடித்தோம். தீர்ந்ததும் 50. இந்த முறை எதுவும் பரணேறவில்லை. பாட்டோடு சேர்ந்து பாடுவதற்கு வரிகள் கையில் இருக்கிறதே என்று ஒரு பாட்டி சந்தோஷப்பட்டார்.

தட்டேதான் வேண்டும் என்கிற ரசிகரை நான் குறை சொல்ல மாட்டேன். பெரிய உறையும் ஊசியின் கரகரப்பும் எனக்கும் உயிர். அவர்களுக்காகத் தட்டு போடும் குழுவாக இருந்தால், முன்பதிவு வாங்கி, பணம் வந்த எண்ணிக்கைக்கு மட்டும் அடிக்கிற ஆலையாகத் தேடுங்கள். பழைய எல்.பி. வைத்திருப்பவர்கள் அதைப் பரணில் போடாதீர்கள், நேராக நிறுத்தி நிழலில் வையுங்கள். சின்னக் குழுக்களின் பாட்டு பிடித்திருந்தால் பேண்ட்கேம்ப் போன்ற இடத்தில் காசு கொடுத்துக் கோப்பாக வாங்குங்கள். டிஜிட்டல் விற்பனையில் பேண்ட்கேம்ப் எடுப்பது 15 சதவீதம். பணப் பரிமாற்றக் கட்டணமும் போக மிச்சம் பாடியவர் கைக்குப் போகிறது.